பொட்டு வைத்த சுவரும் சிவப்புக் கோடும்

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் ஒரு குட்டிச்சுவர் தன்னந்தனியாக நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம் இருக்கும். ஒரு பக்கம் ஆடுகள் உரசி உரசி வழவழவென்று ஆகிவிட்டது. ஆற்றைப் பார்த்த பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருக்கும். வெளியூரிலிருந்து வெற்றிலைப் பாரம் ஏற்ற வரும் வண்டிக்காரர்கள் ஏதோ கன்னிமார் சாமி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சாமியும் இல்லை, பூதமும் இல்லை. அது எங்கள் வீட்டுச் சுவர். பொட்டு என் அம்மா வைத்தது. பெருவெள்ளம் வந்து போன வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அம்மா அங்கே போய் அந்தப் பொட்டைப் புதுப்பித்துவிட்டுத்தான் ஆற்றில் தலை முழுகுவாள். இந்த வருஷம் அந்தச் சுவரடியில் புதிதாக ஒரு மரமுளையை அடித்திருந்தார்கள். முளையின் தலை என் இடுப்பளவுக்கு இருந்தது. போர்டு ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கிற எஞ்சினியர் வெள்ள மட்டம் குறிக்க அடித்தது.

முளையையும் பொட்டையும் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு அந்த ஆபீசில் முன்பு இருந்த ஓவர்சியர் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? அவர் மேல் இருபது வருஷத்துக்கு மேலாகக் கறுவிக்கொண்டிருந்தவன் நான். சாதாரணக் கோபம் இல்லை. யாராவது பேச்சுவாக்கில் அவரை நல்ல மனுஷர் என்று சொல்லிவிட்டால், இலையில் வைத்த சோறு எனக்கு இறங்காது. அப்படிப்பட்டவன் இன்றைக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதாமல் விட்டால் அந்த ஆற்றில் கால் வைக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

பெருவெள்ளத்தின்போது நான் ஊரில் இல்லை. ட்ரேசர் உத்தியோகத்துக்காகச் சேலத்தில் படம் வரையப் பழகிக்கொண்டிருந்தேன். பாதையெல்லாம் அறுந்துபோய், ஊர் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. வந்து பார்த்தால் எங்கள் ஆற்றோரத் தெருவையே காணோம். மண்சுவர் வைத்த வீடுகள் கரைந்து, கூரைகள் எங்கேயோ போயிருந்தன. எங்கள் வீட்டில் செங்கல் சுவர் ஒன்றுதான் மிச்சம். வாசலில், நாலு ஆள் சேர்ந்தாலும் புரட்ட முடியாத வெல்லம் காய்ச்சும் கொப்பரை ஒன்று உட்கார்ந்திருந்தது. எந்த ஊர்க் கரும்பாலையில் இருந்ததோ, ஆறு அதை எத்தனை மைல் சுமந்து வந்ததோ, ஒரு நெளிவு கிடையாது. கோலம் போடுகிற இடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது. இவ்வளவு பெரிய ஒன்றின் பக்கத்திலா நான் இத்தனை நாள் குளித்தேன், நீந்தினேன், எச்சில் துப்பினேன்!

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் கழுத்தளவு என்றார். இன்னொருவர் கூரை மட்டம் என்றார். தேங்காய் பறிக்கிற உயரம் என்று சத்தியம் செய்தவரும் உண்டு. எல்லோருமே முதல் சத்தத்தில் மேட்டுத் தெருவுக்கு ஓடியவர்கள். ஓடினவன் சொல்கிற உயரம் அவன் ஓடின வேகத்துக்குத் தக்கபடிதான் இருக்கும். என் அம்மாவைக் கேட்டேன். அவள் கொப்பரைக்குள் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை மொண்டு முகம் கழுவிக்கொண்டே, "வந்தா சாமி, இருந்தா, போயிட்டா" என்றாள். அவ்வளவுதான். அந்தத் தெருவில் அன்றைக்கு நின்றுகொண்டிருந்த சுவர் பதினொன்று; மற்றப் பத்தும் பிறகு இடிந்து போயின. எல்லாச் சுவரிலும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. சேற்றை வழிப்பதற்கு முன்னாலேயே பெண்கள் செய்த முதல் காரியம் அதுதானாம். காவேரி வீடு தேடி வந்துவிட்டுப் போயிருக்கிறாள். வந்தவளுக்குப் பொட்டு வைக்காமல் அனுப்புவதா?

அதற்கு அடுத்த மாதம் எனக்கு எங்கள் ஊர்ப் போர்டு ஆபீசிலேயே ட்ரேசர் வேலை கிடைத்தது. அதே மாதம்தான் ஓவர்சியரும் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். குள்ளம், கறுப்புக் கோட்டு, எப்போதும் கோட்டுப் பையில் ஒரு பிடி பொரி. வெள்ளத்தில் போன ஆற்றங்கரையைத் திருத்தி அமைக்க ஒரு பிளான் போட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. வந்த மனுஷர் அளவுச் சங்கிலியை எடுத்தாரா, மட்டக்கோலை நட்டாரா? இல்லை. ஒரு வாரம் முழுக்கச் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆற்று மேட்டில் உட்கார்ந்து பொரி தின்றார். ஊரே சிரித்தது. "ஏனுங்க, காவேரி ஓடிப்போயிருவான்னு காவல் காக்கறாருங்களா?" என்று பரிசல்காரர் கேட்டார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பிறகு அவர் எழுதி வைத்ததைப் பார்த்தேன். யார் எந்த நேரத்தில் எதற்காக ஆற்றுக்கு வருகிறார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தார். விடிந்ததும் மாடுகள், வெயில் ஏறுமுன் குடம் எடுத்து வரும் பெண்கள், பிறகு துணி வெளுப்பவர்கள், உச்சியில் கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கூடையோடு இறங்குகிறவர்கள், பொழுது சாய்ந்ததும் ஒன்றும் செய்யாமல் தண்ணீரைப் பார்க்க மட்டும் வருகிற கிழவர்கள். கடைசி வரியில் "பிணம் வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள், அதற்குத் தனி வழி வேண்டும்" என்று இருந்தது. பிறந்ததிலிருந்து அதே கரையில் கிடந்த எனக்கு இதில் பாதிகூடக் கண்ணில் பட்டதில்லை.

அந்தக் கணக்கிலிருந்துதான் அவருடைய பிளான் பிறந்தது. படித்துறையில் ஒரு படியின் உயரத்தைக் குறிப்பதற்கு, நிறைகுடத்தோடு ஏறும் பெண்கள் எந்த இடத்தில் மூச்சு வாங்கி நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். மாடுகளுக்குச் சரிவான துறை. துணி உலர்த்த மணல் திட்டு. எங்கள் வாசலில் கிடந்த கொப்பரையைக்கூட விடவில்லை. புளியமரத்தடியில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியாக அதற்கு இடம் போட்டிருந்தார். ஆனால் படத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது இவை எதுவும் இல்லை. தாளில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஆறு. ஊரெல்லாம் மேல் ஓரத்தில் ஒடுங்கி நின்றது. "ஊருக்கு எங்க சார் இடம்?" என்று கேட்டேன். "அவளுக்குப் போக மிச்சம் இருக்கிற இடத்துல" என்றார். தலை நிமிரவில்லை, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்ததுதான் எனக்கு இடி. கரையோரமாகச் சிவப்பு மையில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே, "தூங்குகிற எதுவும் வேண்டாம்" என்பது அவர் வாக்கியம். குளிக்கலாம், வெளுக்கலாம், சந்தை போடலாம், மரம் வைக்கலாம். வீடு, தொழுவம், சத்திரம் எதுவும் கூடாது. அந்தக் கோட்டின் உயரத்தைத்தான் அவர் சுவர்ப் பொட்டுகளைப் பார்த்து எடுத்தார். பதினொரு வீட்டுக்கும் போனார், பெண்களிடம் பேசினார், ஒவ்வொரு பொட்டின் உயரத்தையும் அளவுப் புத்தகத்தில் எழுதினார். இருந்ததிலேயே உயரமான பொட்டை வெள்ள மட்டமாக வைத்தார். அது எங்கள் வீட்டுப் பொட்டு. அந்த உயரத்தைத் தரையில் கொண்டுபோய்ச் சேர்த்தால் கோடு எங்கள் வீட்டுக்கு வெகு பின்னால் போனது. தெரு முழுவதும் கோட்டுக்குக் கீழே. என் அப்பா ஒவ்வொரு செங்கல்லாகச் சேர்த்துக் கட்டின வீடு. கட்டி முடித்த மறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அந்த இடத்தில் ஒரு கல் எடுத்து வைக்க முடியாது. இத்தனைக்கும் அந்தக் கோட்டை ட்ரேசிங் துணியில் மையால் இழுக்க வேண்டியவன் யார்? நான்தான்!

"ஒரு நூல் கீழ இறக்கிப் போடுங்க சார், எங்க ஊடு தப்பிச்சுக்கும்" என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஒரு நூல் போதாது என்று எனக்கும் தெரியும்; கேட்டுப் பார்த்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. பிறகு, "போடுப்பா" என்றார். போட்டேன். எங்கள் வீடு இருந்த இடத்துக்கு நேராகப் பேனா ஒரு கணம் நின்றதில் மை கொஞ்சம் தடித்துவிட்டது. இன்றைக்கும் அந்தத் துணியை விரித்தால் அந்தத் தடிப்புத் தெரியும். கல் மனசுக்காரன், ஊருக்கு வந்த எமன் என்று அவரை மனசுக்குள் வையாத வார்த்தை இல்லை. மேட்டுத் தெருவில் ஒண்டுக் குடித்தனத்துக்குப் போனோம். ஆற்றுச் சத்தம் கேட்காமல் எனக்குப் பல மாதம் சரியாகத் தூக்கமே வரவில்லை. நான் அவரை வாய்விட்டுத் திட்டும்போதெல்லாம் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். என்ன சாதுவான பிறவி, தன் வீட்டைப் பறித்தவனைக்கூட ஒரு சொல் சொல்லத் தெரியவில்லையே என்று அவள் மேலும் எனக்கு ஆத்திரம் வரும்.

அவருடைய பிளானில் நிறைவேறியது கால்வாசிதான். படித்துறை கட்டினார்கள், சரிவுத் துறை போட்டார்கள், புங்க மரங்கள் வைத்தார்கள், சிவப்புக் கோடு போன வழியில் எல்லைக் கற்கள் நட்டார்கள். அதற்குள் அவரைக் கெங்கவல்லிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டபோது, என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்தேன். சில வருஷம் கழித்து, அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று தபால் வந்தது. ஆபீசில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், மனசு நிற்கவில்லை.

காலம் யாருக்காக நிற்கிறது? மேலே மேட்டூரில் அணை வந்தது. கட்டி முடித்ததும் போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, வாய் பிளந்து நின்றேன். ஆற்றையே கட்டி நிறுத்தி ஒரு கடலாக்கி வைத்திருக்கிறான் மனுஷன்! ஊருக்குத் திரும்பி அம்மாவிடம், இனிமேல் வெள்ளம் என்ற பேச்சே இல்லை என்றேன். "அத்தனை தண்ணிய நிறுத்தி வெச்சிருக்கறாங்களா?" என்று கேட்டவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவுங்களுக்கும் கை வலிக்குமல்ல சாமி" என்றாள். நான் சிரித்தேன்.

சுதந்திரம் வந்த பிறகு ஊரை அழகுபடுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு வேகம். புதிய எஞ்சினியர் வந்தார். சேலத்துக்காரர், என் வயதில் பாதி, மரியாதை தெரிந்தவர், படு சுறுசுறுப்பு. இரண்டே வாரத்தில் ஆற்றங்கரைக்குப் புது பிளான் தயார். நான் அதற்குள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ஆகியிருந்தேன். பழைய பிளானை ரிக்கார்டு அறையிலிருந்து எடுத்து வந்து, பெரிய மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். புதுப் படத்தில் கரையோரமாக நேரான தார் ரோடு, ரோட்டை ஒட்டிக் கடை வரிசை, கடைகளுக்குப் பின்னால் வீட்டு மனைகள், பூங்கா, நடுவில் ரேடியோ மண்டபம், இருபது அடிக்கு ஒரு விளக்குக் கம்பம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், எங்கள் ஊருக்கு இப்படி ஒரு முகம் வருமா என்று எனக்கு மலைப்பாகவே இருந்தது. ஆற்றை மட்டும் தேட வேண்டியிருந்தது. தாளின் அடி ஓரத்தில் நீலமாக ஒரு பட்டை. அதிலும் பாதி படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது. பழைய படத்தில் கிழவர்கள் உட்கார்ந்து தண்ணீர் பார்த்த இடத்தில், புதுப் படத்தில் ரேடியோ கேட்க பெஞ்சு போட்டிருந்தது. பெஞ்சுகள் ஊரைப் பார்த்திருந்தன.

இதையெல்லாம் அன்றைக்கு நான் குறையாகப் பார்க்கவில்லை. என் கண் ஒரே இடத்தில்தான் இருந்தது. அணையை நம்பி எஞ்சினியர் முளை அடித்த இடுப்பளவுக்கு வெள்ளக் கோடு இறங்கினால், அந்த அளவுக்கு மண் கொட்டி மேடாக்கி எங்கள் தெருவைக் கோட்டுக்கு மேலே கொண்டுவந்துவிடலாம். முன்பு அங்கே குடியிருந்தவர்களுக்கு முதல் உரிமை. எஞ்சினியரே விரலை வைத்துக் காட்டினார். "இதுதானுங்களே உங்க இடம்? சுவர் ஒண்ணு நிக்குதே?"  அந்தச் சுவரை வைத்தே கட்டிவிடலாம், அம்மா கண்ணை மூடுவதற்குள் அவளை அவள் வீட்டு நடையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடலாம் என்று மனசு பறந்தது. ஒரே ஒரு தடைதான்: பழைய சிவப்புக் கோட்டை ரத்து செய்ய ஒரு காரணம் எழுத வேண்டும்.

காரணத்தை எஞ்சினியரே கண்டுபிடித்தார். பழைய அளவுப் புத்தகத்தைப் புரட்டியவர் என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க. பதினொரு வீடும் ஒரே தரை மட்டம். ஆனா மையில எழுதியிருக்கிற உயரம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொண்ணா இருக்குது. தண்ணி மேடும் பள்ளமுமா நிக்குமாங்க? பக்கத்துலயே பென்சில்ல இன்னொரு வரிசை. அதுல பதினொண்ணும் ஒரே அளவு. தலைப்பே இல்ல. இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" தெரியாது என்றேன். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக மட்டும் மையில் "வீட்டுக்கார அம்மாள் சம்மதம்" என்று எழுதியிருந்தது. உள்ளே வந்து அளக்க அனுமதி கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். "விசாரிச்சுச் சொல்லுங்க. பழைய கோடு தப்புன்னு நிரூபணம் ஆயிட்டா, போர்டுல ஒரு பேச்சு இருக்காது" என்றார்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் அந்தப் பதினொரு எண்களையும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன். இருந்ததிலேயே தாழ்ந்தது அடுத்த வீட்டுச் சின்னம்மாவுடையது. சின்னம்மா குள்ளம், அடுக்குப் பானையில் இரண்டாவது பானையை எடுக்கவே ஆள் கூப்பிடுவாள். வண்டிக்காரர் வீட்டு அக்கா நடுத்தரம். அவள் பொட்டும் நடுத்தரம். உயரமான பொட்டு எங்களுடையது. என் அம்மாவைத் தெருவில் நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டேன். ஐயோ, இது தண்ணீரின் உயரமா, பெண்களின் உயரமா?

அம்மா வாசலில் புளி உதிர்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, வெள்ளத்தப்போ தண்ணி நெசமா எவ்வளவு வந்துது?" என்று கேட்டேன். கையை நிறுத்தாமல், "என்ற இடுப்புக்கு" என்றாள்.  அவளே மேலும் சொன்னாள். "உலையில அரிசி போட்டிருந்தேன். சோறு பொங்கறதுக்குள்ள முழங்காலு, எறக்கறதுக்குள்ள இடுப்பு. எல்லாரும் ஓடிட்டாங்க. நான் எருமைய அவுத்து உட்டுட்டுக் கடசியாத்தான் போனேன். எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் பொட்டை எதுக்கு அத்தனை மேல வெச்ச?"

அம்மா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஊட்டுக்கு வந்தவளுக்குப் பொட்டை இடுப்புலயா வெப்பாங்க? நெத்தியிலதான வெக்கோணும்? என்ற நெத்திக்கு நேரா வெச்சேன். அவுங்கவுங்க அவுங்கவுங்க நெத்திக்கு வெச்சாங்க." இதை ஓவர்சியரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னாளாம். அவர் கேட்டாராம். அம்மா சொல்லும்போது ஆத்தூர்க்காரரான ஓவர்சியரும் எங்கள் ஊர்ப் பேச்சையே பேசினார்.

"உள்பக்கச் செவுத்துல மழ படாத எடத்துல வண்டல் கோட்டை நகத்தால சொரண்டிப் பாத்துட்டுத்தான் வந்தாரு. 'தண்ணி இடுப்பளவுதானுங்களே, பொட்டு ஏன் மேல இருக்குது'ன்னாரு. நான் உன்கிட்டச் சொன்னதத்தான் அவருகிட்டயும் சொன்னேன். சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல சாமி. ஆத்தைத் திரும்பிப் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு, 'இடுப்புல கோடு போட்டா மண்ணுக் கொட்டி மேடாக்கி உங்க ஊட்டை இங்கயே கட்டிக்கலாம். நெத்தியில போட்டாப் போயிரும். சட்டத்துக்கு இடுப்பு போதுமுங்க. ஆனா இது பகல்ல வந்த தண்ணி, நின்னுக்கிட்டு இருந்தவங்களுக்கு இடுப்பு. படுத்திருக்கறவங்களுக்கு அது எவ்வளவு? சர்க்காரு கோட்டைச் சனங்க தாண்டுவாங்க, உங்க பொட்டைத் தாண்ட மாட்டாங்க. எந்த எடத்துல போடறதுன்னு நீங்களே சொல்லுங்க'ன்னாரு. எழுதப் படிக்கத் தெரியாத என்கிட்டக் கேட்டாரு சாமி."

"நீ என்ன சொன்ன?"

"நெத்தியிலயே இருக்கட்டுங்கன்னேன். நம்ம ஊட்டுக்கு மட்டுமா அந்தக் கோடு? தெருப் பூராப் புள்ளைங்க தொட்டுலு தொங்கிக்கிட்டு இருந்துதே."

என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். இத்தனை வருஷம் அந்த மனுஷரைத் திட்டினேனே, செத்ததற்குக்கூட அழவில்லையே, எழுந்து எழுந்து உள்ளே போனாயே, ஒரு வார்த்தை! அம்மா புளியங்கொட்டையை முறத்தில் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சிருந்தா, அந்தக் கோட்டை உன்ற கையால இழுத்திருப்பியா?" பிறகு, "அவரும் அதேதான் கேட்டாரு. பையன்கிட்டச் சொல்லட்டுங்களான்னு. வேண்டாமுங்க, அவன் உங்களத் திட்டுனாப் பரவால்ல, என்னத் திட்டுனா ஊடு ஊடா இருக்காதுன்னேன். செரின்னுட்டாரு" என்றாள்.

 ஒரு கோட்டுக்காக வீட்டைக் கொடுத்தவள் ஒருத்தி. அந்தக் கோட்டுக்காகக் கெட்ட பெயரை வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் கெங்கவல்லியில் போய்ச் செத்தவர் ஒருத்தர். இரண்டு பேரும் குட்டிச்சுவருக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை பேசி ஊரின் தலைவிதியைத் தீர்மானித்திருக்கிறார்கள். நடுவில் நான் மை தொட்டுக் கோடு இழுத்ததோடு சரி. எத்தனை பெரிய மனுஷர்களோடு இருந்திருக்கிறேன், எத்தனை சின்னவனாக இருந்திருக்கிறேன்!

மறுநாள் எஞ்சினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பென்சில் வரிசை தண்ணீரின் உயரம், மை வரிசை பெண்களின் நெற்றி என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ கோடு தப்புத்தானுங்களே! உங்க அம்மாவே சாட்சி. பென்சில் கணக்கை வெச்சு எழுதிடறேன். உங்க வீடு உங்களுக்கு வந்தாச்சு" என்றார். நான் "வீட்டுக்கார அம்மாள் சம்மதம்" என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, அந்தச் சம்மதம் எதற்கு வாங்கியது என்பதைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "அணை இருக்குதுங்களே" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. "இருக்குதுங்க. அணையும் மனுசன் போட்ட கோடுதானுங்களே" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தப் பேச்சு வந்ததோ! "நீங்க என்ன எழுதச் சொல்றீங்க?" என்று கேட்டார்.  அம்மாவை அந்த நடையில் உட்கார வைத்துப் பார்க்கிற ஆசை இன்னும் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. நாளைக்கு ஆடிப் பதினெட்டு, காலையில் சுவர் பக்கம் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

காலையில் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துறை நிறையப் பெண்கள். புங்க மரத்தடியில் குழந்தைகள். கொப்பரையில் மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அத்தனை கூட்டத்துக்கும் இடம் இருந்தது, ஒருவர் காரியம் ஒருவர் மேல் இடிக்கவில்லை. அந்தக் குள்ள மனுஷர் பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வாரம் என் கண் முன்னால் நடமாடியது. எஞ்சினியர் முன்னாலேயே வந்து, தன் முளைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். கை எட்டவில்லை. நெட்டச்சி இப்போது கூன் விழுந்து பாதியாகிவிட்டாள். விரல் பழைய பொட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. எட்டின இடத்தில் வைத்தால் போதும் என்றேன். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

"என்ற நெத்தி தாழ்ந்து போச்சுன்னா அவ நெத்தியும் தாழோணுமா? நீ வெய்யி சாமி."

ஆண் பிள்ளை வைக்கிற வழக்கம் இல்லை. இருந்தாலும் மஞ்சளைத் தொட்டுப் பழைய பொட்டின் மேல் வைக்கப் போனேன். "அங்கில்ல. அது என்ற நெத்தி. உன்ற நெத்திக்கு வெய்யி" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரை ஒட்டி நின்று நெற்றியை வைத்துப் பார்த்தேன். அப்பா கட்டின சுவர் வெயிலில் சூடேறியிருந்தது. என் நெற்றி அம்மாவின் பொட்டுக்கு நாலு விரல் மேலே இருந்தது. அந்த இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். அம்மா அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எஞ்சினியர் குனிந்து முளையைப் பிடித்து ஆட்டினார். ஈர மண், சுலபமாகவே வந்துவிட்டது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து புது அளவுப் புத்தகத்தை எடுத்தார். புதுப் பொட்டின் உயரத்தை அளந்து மையில் எழுதினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பக்கத்துல என்னன்னு எழுதட்டுங்க?"

"வீட்டுக்காரர் சம்மதம்னு எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார்.